ஐந்தாவது அளவுக்கான குறிப்பு

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பதிவேட்டின் கடைசிப் பத்தியில், 'குறிப்பு' என்று தலைப்பிட்ட ஒன்றரை அங்குலக் கட்டத்தில், ஒரே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. ஐந்தாவது அளவு ஏன் தப்பாக வந்தது என்பதற்கான வரி. சனிக்கிழமை காலையில் அதை எழுத உட்கார்ந்தேன். இப்போது ஞாயிறு மதியம். கட்டம் காலியாக இருக்கிறது. சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்.

நான் படகு கட்டும் தளமொன்றில் கணக்குப் பார்க்கிறவள். வரவு செலவு இல்லை, அதற்கு வேறு ஆள் உண்டு. என்னுடையது எடைக் கணக்கு. படகில் ஏறுகிற ஒவ்வொரு நாற்காலி, குழாய், கதவு, திருகாணி எல்லாவற்றுக்கும் என்ன எடை, எங்கே உட்காரப்போகிறது, மொத்தமும் சேர்ந்தால் படகு எவ்வளவு தண்ணீரில் இறங்கும், எந்தப் பக்கம் சாயும், சாய்ந்தால் திரும்புமா. இதையெல்லாம் பிசகில்லாமல் சொல்லிவிடுவேன். ஒரு வரி எழுத மட்டும் வரவில்லை.

கதையாகத்தான் எழுதிப் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். முதல் தொடக்கம்:

"விடிந்தும் விடியாத நேரத்தில் தண்ணீர் கண்ணாடிபோல—"

அடித்துவிட்டேன். எந்தக் கதையைத் திறந்தாலும் தண்ணீர் கண்ணாடியாகத்தான் கிடக்கிறது. இரண்டாவது:

"பொறாமை என்பது மனிதனுக்கு—"

என்னமோ ஊரான் பொறாமையைப் பற்றிப் பேச வந்த மாதிரி. இதுவும் போயிற்று. மூன்றாவது:

"என் தங்கை ஒரு—"

இதற்கு அடுத்து வந்த சொல்லை இங்கே போட முடியாது. அம்மா படித்தாலும் படிப்பாள்.

ஆகவே 'நான்' வேண்டாம். 'நான்' என்று எழுதினால் பேனா என் பக்கமாகவே சாய்கிறது. வீட்டில் எங்களைக் கூப்பிடுகிறபடி பெரியவள், சின்னவள் என்றே வைத்துக்கொள்கிறேன். பெரியவள் நான்தான், ஒளிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்தானே அவளை நன்றாகத் திட்ட முடியும்?

2

பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. அப்பா இரண்டு பேரையும் ஒரே நாளில் நீச்சல் குளத்தில் கொண்டுபோய் விட்டார். பயிற்சியாளர் கழுத்தில் ஊதலோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். "மல்லாக்கப் படுங்க. பயப்படாதீங்க. தண்ணியே பிடிச்சுக்கும்," என்றார்.

சின்னவள் படுத்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

பெரியவளும் படுத்தாள். முதலில் கால் இறங்கியது. பிறகு இடுப்பு. காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் தலையை வெடுக்கென்று தூக்கினாள், கையிரண்டையும் மேலே நீட்டினாள், ஓவென்று கத்தினாள். முழுசாக உள்ளே போனாள். பயிற்சியாளர் தோளைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தார். மூக்கெல்லாம் எரிச்சல். இருமி முடித்துக் கண்ணைத் திறந்தால் எதிரே தங்கை கண்ணை மூடிக்கொண்டு மிதக்கிறாள், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு.

பெரியவள் விரலை நீட்டிச் சொன்னாள்: "சார், அவ ஏமாத்துறா. கீழ யாரோ பிடிச்சிருக்காங்க!"

குளமே சிரித்தது. வீட்டில் அந்தச் சிரிப்பு இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. விருந்தாளி வந்தால் போதும், அம்மா ஆரம்பித்துவிடுவாள்.

(இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு யாரும் சொல்லாததைப் பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் ஒரு பொருள் இறங்கும்போது தன் இடத்துத் தண்ணீரை ஒதுக்குகிறது. ஒதுக்கப்பட்ட தண்ணீர் எவ்வளவு எடையோ, அவ்வளவு எடைக்குச் சுற்றியுள்ள தண்ணீர் அந்தப் பொருளை மேலே தள்ளும். பொருள் அதைவிடக் கனமாக இருந்தால் மூழ்கும், இல்லாவிட்டால் மிதக்கும். இரும்புக் கட்டி மூழ்குகிறது. அதே இரும்பைத் தட்டிக் குடைந்து படகாக்கினால், உள்ளே காற்றை வைத்துக்கொண்டு நிறையத் தண்ணீரை ஒதுக்கும், மிதக்கும். மனித உடம்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் மிதக்கும், கத்தித் தீர்த்துவிட்டால் முடிந்தது. தலையையும் கையையும் வெளியே தூக்கினால் அந்தப் பங்குக்குத் தண்ணீர் தள்ளாது, மீதி உடம்பு அதையும் சுமந்துகொண்டு கீழே போகும். அதாவது பெரியவள் அன்றைக்குச் செய்தது ஒவ்வொன்றும் மூழ்குவதற்கான காரியம். சின்னவள் ஒன்றுமே செய்யவில்லை. எனக்குக் காரணம் தெரியும், அவளுக்கு மிதக்கத் தெரியும். முப்பது வருஷமாக இதுதான் எங்கள் இருவருக்கும் இடையே இருக்கிற வழக்கு.)

3

எனக்கு இந்தச் சின்னவள் பாத்திரத்தின் மேல் நம்பிக்கையில்லை. அவள் உள்ளே வந்தாலே வாக்கியம் துள்ளுகிறது. 'முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு' என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை இரண்டு தடவை அடித்தேன். மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. வாசிக்கிற உங்களுக்கும் இதற்குள் அவளைப் பிடித்துப் போயிருக்கும். பிடிக்கட்டும், எனக்கென்ன. என் கதையில் வந்தும் கவனத்தை அவளே வாரிக்கொண்டு போகிறாள் என்பதை மட்டும் பதிவு செய்துவைக்கிறேன்.

இதே சம்பவத்தை அவள் சொன்னால் இரண்டே நிமிஷம். டீக்கடையில் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். கேட்கிறவன் டீயைச் சிந்திக்கொள்வான்.

சின்னவள் படிப்பு ஏறாமல் பயணிகள் படகில் டிக்கெட் கிழிக்கப் போனாள். பிறகு கயிறு கட்டினாள், இன்ஜின் துடைத்தாள், ஒருநாள் கேப்டனுக்குக் காய்ச்சல் என்று சுக்கான் சக்கரத்தைப் பிடித்தாள், அப்படியே பரீட்சை எழுதிக் கேப்டனாகிவிட்டாள். சின்னப் படகுதான், முப்பது பேர் போவது. பெரியவளோ ஐந்து வருஷம் படித்து, கண்ணாடி எண் ஏறி, படகுத் தளத்தில் மாடியறையில் உட்கார்ந்து எடை கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வருஷம் தளத்தில் புதுப் படகு. அறுபது பேர் போகலாம். பதினான்கு மீட்டர் நீளம், இருபத்திரண்டு டன். பதினான்கு மாதம் பெரியவள் அதற்காக உழைத்தாள். அதில் ஒரு கிலோகூட அவள் கைபடாமல் சேர்ந்ததில்லை. அந்தப் படகை யார் ஓட்டுவது என்று வந்தபோது, தளத்தையும் பயணிகள் படகுகளையும் நடத்துகிற முதலாளி இரண்டு பேரை மனதில் வைத்திருந்தார். ஒருவர் பழைய படகின் கேப்டன், பல் குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுக்காதவர். இன்னொருத்தி சின்னவள்.

அம்மா தொலைபேசியில் பெரியவளிடம் சொன்னாள்: "ஏன்டி, நம்ம சின்னவ அறுபது பேரை ஏத்திட்டுப் போகப்போறாளாமே! நீயும் அங்கதானே வேலை பாக்கற, உனக்குத் தெரியாதா?"

தெரியாதாம். பதினான்கு மாதம். என் வயிறு எரிந்தது. (பெரியவளுடைய வயிறு.)

4

வெள்ளிக்கிழமை காலை சாய்வுச் சோதனை. புதுப் படகு ஒவ்வொன்றுக்கும் இது உண்டு. காகிதத்தில் நான் போட்ட கணக்கைத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது.

செய்முறை எளிது. காற்றில்லாத வேளையாகப் பார்த்துப் படகைக் கட்டியிருக்கும் கயிறுகளைத் தளர்த்திவிடுவார்கள். படகின் முன்தளத்தில் ஆளுக்கு நூற்றறுபது கிலோவாக இரும்புக் கட்டி இரண்டு இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வலப்பக்கம் தள்ளுவது, திரும்பக் கொண்டுவருவது, இடப்பக்கம் தள்ளுவது, திரும்பக் கொண்டுவருவது. மொத்தம் எட்டு அளவு. ஒவ்வொரு தடவையும் படகு லேசாகச் சாயும். கேபினுக்குள் இரண்டு மீட்டர் நூலில் ஒரு தூக்குக்குண்டு தொங்கும், ஆடாமல் நிற்க எண்ணெய் வாளிக்குள் அதன் நுனியை விட்டிருப்பார்கள். நூல் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று ஆய்வாளர் படித்துச் சொல்வார். அவ்வளவுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. படகில் இருக்கிற ஆட்கள் அசையக் கூடாது. இந்தச் சோதனையில் ஆளும் எடைதான். ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்தால் தூக்குக்குண்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பெரியவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஆளாளுக்குத் தராசில் ஏற்றி எடை பார்ப்பாள், செருப்போடு. படகின் நடுக்கோட்டில் அவரவர் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவாள். வட்டத்துக்குள் எடையை எழுதுவாள்.

கேபினுக்குள் ஆய்வாளர், 71. முன்தளத்தில் கட்டி தள்ளுகிற ஃபிட்டர், 83. முன்னால் சுக்கான் அறையில் சின்னவள், 52. "ஓட்டப் போறவ படகோட சாய்வையும் தெரிஞ்சுக்கட்டும்" என்று முதலாளிதான் அவளை ஏற்றிவிட்டார். கேபினுக்குப் பின்னால், பின்தளத்தில், பதிவேட்டோடு பெரியவள். 64.5.

அரைக் கிலோவையும் எழுதினாள். நேர்மைக்குக் குறைச்சலில்லை. நாலு பேருடைய எடையும் கொட்டை எழுத்தில் தரையில் கிடந்தது. தங்கையின் எண்ணையும் தன் எண்ணையும் பன்னிரண்டரை கிலோ வித்தியாசத்தோடு எழுதியதும் அவளேதான்.

"அக்கா, செருப்பைக் கழட்டிட்டு நிக்கவா? இன்னும் குறையும்!" என்று சின்னவள் முன்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"வாயை மூடிட்டு நில்லு."

5

நாலு அளவு ஒழுங்காக வந்தது. முப்பத்தாறு, எழுபத்திமூன்று, முப்பத்தாறு, பூஜ்யம். ஆய்வாளர் கேபினுக்குள்ளிருந்து சொல்லச் சொல்லப் பெரியவள் எழுதினாள். அடுத்தது ஐந்தாவது. ஃபிட்டர் ஒரு கட்டியை இடப்பக்கம் தள்ளிவிட்டுத் தன் வட்டத்துக்கு வந்து முன்பக்கம் பார்த்து நின்றார். குண்டு ஆடி அடங்க இரண்டு நிமிஷம் ஆகும்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

முன்பக்கமிருந்து வந்தது. சின்னவள் ஏதோ சொல்கிறாள், கரையில் இடப்பக்கமாக நின்றிருந்த முதலாளி கடகடவென்று சிரிக்கிறார். ஆறு வருஷமாக அந்த மனிதரிடம் வேலை பார்க்கிறாள் பெரியவள். அவருக்குப் பல் இருக்கிறதா என்பதே அவளுக்குச் சந்தேகம். எத்தனை கோப்பு, எத்தனை வரைபடம், ஒரு புன்னகை கிடையாது. "வச்சுட்டுப் போங்க." அவ்வளவுதான் பேச்சு.

நடுவே கேபின் மறைத்தது. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள்? 'அறுபத்து நாலரை' என்று காதில் விழுந்த மாதிரி இருந்தது. விழுந்ததா, விழவில்லையா? பெரியவள் காதைத் தீட்டினாள். மறுபடியும் சிரிப்பு, முன்னைவிடப் பெரிதாக. அவளுக்குப் பொறுக்கவில்லை. பின்தளத்திலிருந்து இடப்பக்கக் கம்பிவரை போனால் கேபின் ஓரமாக முன்பக்கம் எட்டிப் பார்க்கலாம். மூன்று எட்டு வைத்தால் போதும். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கழுத்தை—

இல்லை. அவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். சுக்கான் அறை ஜன்னலில் சின்னவளுடைய தலை தெரிந்தது, காற்றில்லாமலே பறக்கிற மாதிரி முடி. முதலாளி அவளை அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோங்க மேடம். அம்பத்தொண்ணு," என்றது கேபினுக்குள் ஆய்வாளர் குரல்.

பெரியவள் மூன்று எட்டில் வட்டத்துக்குத் திரும்பினாள். ஐம்பத்தொன்று என்று எழுதினாள். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வரும், ஆனால் நடுங்கவில்லை.

அவள் கம்பியருகே நின்றதை யாரும் பார்க்கவில்லை. கரையில் நாலைந்து பேர் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் சின்னவள் பேசிக்கொண்டிருக்கும்போது யார்தான் வேறு பக்கம் பார்த்திருக்கிறார்கள்?

6

எட்டு அளவும் முடிந்தது. எல்லோரும் கரையில் இறங்கினோம். ஆய்வாளர் கட்டம்போட்ட தாளை விரித்து எட்டுப் புள்ளி வைத்தார். எல்லாம் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். ஏழு வந்தது. ஐந்தாவது மட்டும் தனியாகத் தள்ளி நின்றது. முப்பத்தாறு வர வேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்று. பதினைந்து மில்லிமீட்டர் அதிகம்.

"யாரோ நகர்ந்திருக்கீங்க," என்றார் ஆய்வாளர்.

முதலாளி சின்னவளைப் பார்த்தார். "வேற யாரு? என்கிட்ட பேசறேன்னு ஜன்னல் வழியா பாதி உடம்பு வெளிய இருந்துச்சே!"

"ஐயோ சார், தலையை மட்டும்தான் நீட்டினேன். கால் வட்டத்துலதான் இருந்துச்சு." சின்னவள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "இருந்துச்சுன்னுதான் நினைக்கிறேன்."

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பழைய படகின் கேப்டன் குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினார். "சும்மா நிக்கிறதும் ஒரு வேலைதாம்மா," என்றார்.

முதலாளியின் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு சுத்தமாகப் போய்விட்டது. "அரை மணி நேரம் ஒரு எடத்துல நிக்க முடியல. அறுபது பேரை நம்பி எப்படிம்மா ஏத்தி விடறது?"

சின்னவள் மறுபடி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

ஆய்வாளர் பெரியவள் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க பார்த்தீங்களா?"

"கேபின் மறைச்சுது சார். எனக்கு முன்பக்கம் தெரியல."

இந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கவனியுங்கள். கேபின் மறைக்கத்தான் செய்தது. மறைத்ததால்தானே இந்த வினையே?

"சரி, ஒரு புள்ளிதான். மீதி ஏழும் சுத்தமா இருக்கு. படகு நல்ல படகு, சான்றிதழ் கொடுத்துடலாம்," என்றார் ஆய்வாளர். "ஆனா அஞ்சாவதுக்கு நேரா என்ன நடந்துச்சுன்னு காரணம் எழுதணும். திங்கக்கிழமை காலைல குறிப்பு எழுதிக் கொண்டாந்துடுங்க."

"அதைப் படிச்சுட்டு நானும் முடிவு பண்றேன்," என்றார் முதலாளி.

7

பொறாமைக்கு அளவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபத்து நாலரைக் கிலோ பெருக்கல் இரண்டரை மீட்டர். நூற்று அறுபத்தொன்றேகால். இருபத்திரண்டு டன் படகில் இரண்டு மீட்டர் நூலை அது பதினைந்து மில்லிமீட்டர் நகர்த்தும். வெள்ளிக்கிழமை மாலையே போட்டுப் பார்த்துவிட்டேன். அச்சு அசலாகப் பொருந்துகிறது.

இன்னொரு கணக்கும் போட்டேன். அதே பதினைந்து மில்லிமீட்டர் சின்னவளால் வர வேண்டுமென்றால் ஐம்பத்திரண்டு கிலோ எத்தனை தூரம் நகர வேண்டும்? மூன்று மீட்டருக்கு மேல். சுக்கான் அறையில் நடுக்கோட்டிலிருந்து சுவர்வரை மொத்தமே தொண்ணூறு சென்டிமீட்டர்தான். அவள் சுவரைப் பிய்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தால் ஒருவேளை வந்திருக்கும்.

அவள் நகரவில்லை என்பதற்கு அவள் எடையே சாட்சி. ஒரு நிமிஷக் கணக்கு. அங்கே இருந்த யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் கணக்குப் போடுவது என் வேலை.

8

இனி முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

[முடிவு அ. பெரியவள் குறிப்பில் எழுதுகிறாள்: "கரைக் கயிறு ஒன்று இழுபட்டதால் அளவு பிசகியது." யாருக்கும் கெட்ட பெயரில்லை. சின்னவளுக்குப் படகு, பெரியவளுக்கு மானம், வாசகருக்கு நிம்மதி. இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஒரு தாள் முழுக்க எழுதிவிட்டேன். பிறகுதான் கயிறுகளைத் தளர்த்தியது ஃபிட்டர் என்று நினைவு வந்தது. எடைபோட வரச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் தராசில் ஏறி நின்ற மனுஷர். கிழித்தாயிற்று.]

[முடிவு ஆ. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் பெரியவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். ஒரு கணம் அமைதி. சின்னவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொள்கிறாள். "போகுது விடுக்கா!" என்கிறாள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். முதலாளி சொல்கிறார்: என்ன பெரிய மனசு இந்தப் பொண்ணுக்கு! பார்த்தீர்களா? உண்மையைச் சொன்னவள் நான், கைதட்டல் அவளுக்கு. இதையும் கிழித்தேன்.]

[முடிவு இ. "சுக்கான் அறையில் நின்றவர் இடம் மாறியதால்"— இதைக் கிழிக்கவில்லை. மேசையில்தான் இருக்கிறது, தண்ணீர்க் குவளைக்கு அடியில்.]

நான்காவதை யோசித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இதை நான் கதைக்காகக் கொண்டுவரவில்லை. நிஜமாகவே அடித்தது, ஒரு மணி நேரம் முன்னால்.

9

"அக்கா, வேலையா இருக்கியா?"

"எழுதிட்டிருக்கேன்."

"அந்தக் குறிப்பா?"

"ம்."

அவள் பக்கத்தில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் நிஜமாவே நகர்ந்துட்டேனா?"

பெரியவள் தண்ணீர்க் குவளையைத் தாளின் நடுவுக்கு நகர்த்தினாள்.

"ரெண்டு நாளா நின்னு நின்னு பாக்கறேன். சமையலறையில சாக்பீஸ்ல வட்டம் போட்டு, ஜன்னல் வழியா தலையை நீட்டி நீட்டிப் பாக்கறேன். கால் நகரவே மாட்டேங்குது. ஆனா அன்னிக்கு நகர்ந்திருக்கலாம் இல்ல? எனக்கே தெரியாம?"

"எதுக்கு அதையே நினைச்சிட்டிருக்க?"

"உன் கணக்கு தப்பாகாதுக்கா. பதினஞ்சு மில்லிமீட்டர்னு நீ எழுதியிருந்தா பதினஞ்சுதான். அப்ப நான்தான் நகர்ந்திருக்கணும். நேத்து படகு எடுக்கும்போதுகூட காலையே பாத்துட்டிருந்தேன். துறையோட ஒட்டி நிறுத்தும்போது இடிச்சுட்டேன். எப்பவும் இடிக்க மாட்டேன், உனக்கே தெரியும்."

தெரியும். தண்ணீர் எங்கே தள்ளும் என்று யோசிக்காமலே தெரிந்தவள் அவள். இப்போது யோசிக்கிறாள். தலையைத் தூக்குகிறாள்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முழுசாக ஒரு நொடி. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் மூழ்குகிறாள், நான் படியில் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பெரியவள் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. சந்தோஷப்பட்டது நான்தான். அடுத்த நொடியே சீ என்று ஆகிவிட்டது, ஆனால் அந்த முதல் நொடி இருந்தது.

"அக்கா, எனக்காக மாத்தி கீத்தி எழுதிடாத," என்றாள். "நீ ரெண்டு நாளா அதை எழுதாம வச்சிருக்கேன்னு அம்மா சொன்னா. என்னைக் காப்பாத்தறேன்னு நீ எங்கயாவது மாட்டிக்காத. உள்ளதை எழுதிடு. படகு போனா போகுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த இடத்தில் எதைச் சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்லவில்லை. இதைக் கேட்டேன்:

"அன்னிக்கு முதலாளிகிட்ட என்ன சொல்லிச் சிரிச்சுட்டிருந்த?"

"எப்ப? ஓ, அதுவா! உங்கக்கா ஏம்மா செருப்பைக்கூட எடை போடறாங்கன்னு கேட்டாரு. எங்கக்கா அப்படித்தான் சார், சின்ன வயசுல நான் மிதந்ததையே அவ நம்பல, கீழ யாரோ பிடிச்சிருக்காங்கன்னு சண்டை போட்டான்னு சொன்னேன். அந்தாளு விழுந்து விழுந்து சிரிச்சாரு." அவள் குரலில் பழைய சின்னவள் ஒரு வினாடி எட்டிப் பார்த்தாள். "அப்புறம், அதனாலதான் அவ கணக்கு போட்ட படகுன்னா நான் கண்ணை மூடிட்டு ஏறுவேன்னும் சொன்னேன். அதுக்கு அவரு சிரிக்கல."

கடைசி வாக்கியத்தை உங்களை உருக்குவதற்காக நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். சேர்க்கவில்லை. எனக்கு உருகவும் இல்லை. எரிச்சலாக வந்தது. மிதக்கத் தெரிகிறது, பேசத் தெரிகிறது, படகோட்டத் தெரிகிறது. நல்லவளாக வேறு இருந்து தொலைக்க வேண்டுமா? ஏதாவது ஒன்றையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?

"சரி, வைக்கிறேன்," என்றேன்.

"வட்டத்தை அழிச்சிடவாக்கா? சமையலறையில போட்டது."

"அழிச்சிடு."

10

கதையில் அடித்தல் திருத்தல் செய்யலாம். பார்த்தீர்களே, எத்தனை அடித்திருக்கிறேன், அடித்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன். பதிவேட்டில் அது முடியாது. முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது: அடித்தல், திருத்தல், மேலெழுதுதல் கூடாது. ஒரு சொல் எழுதினால் எழுதியதுதான்.

இப்போது பதிவேடு திறந்திருக்கிறது. பேனாவும் கையில் இருக்கிறது. இத்தனை தாளும் அந்த ஒரு கட்டத்துக்கான முன்வரைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிதான் என்னிடம் இருக்கிறது. ஒன்று "பின்தளத்தில்" என்று தொடங்கும், மற்றது "சுக்கான் அறையில்" என்று தொடங்கும். பின்தளத்தில் நின்றது ஒரே ஆள். சுக்கான் அறையில் நின்றதும் ஒரே ஆள். ஆகவே முதல் சொல்லை எழுதினாலே எல்லாம் முடிந்துவிடும்.

அதை உங்கள் கண்ணெதிரே எழுத மாட்டேன். நல்லது எழுதினால் பாராட்டுவீர்கள், கெட்டது எழுதினால் காறித் துப்புவீர்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

மூன்று வாரத்தில் அந்தப் படகு ஓடத் தொடங்கிவிடும். கூட்டமில்லாத வேளையாகப் பார்த்து ஏறுங்கள். படகு மூழ்காது, அதற்கு நான் பொறுப்பு. பின்தளத்துக்குப் போய் நடுவில் நில்லுங்கள். சாக்பீஸ் வட்டம் இருக்காது, தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். நடு ஆற்றில் போகும்போது அங்கிருந்து இடப்பக்கக் கம்பிவரை மூன்று எட்டு வேகமாக நடந்து பாருங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. படகு சாய்வது உங்களுக்கே தெரியாது. சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு மட்டும் கையில் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேபின் ஓரமாக முன்பக்கம் எட்டிப் பாருங்கள். குச்சியைக் கடித்துக்கொண்டு ஒருவர் நேரே பார்த்து நின்றிருந்தால், நான் எழுதியது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வந்து, "யாரது, நகராம நில்லுங்க!" என்று சிரித்தால், அதுவும் தெரிந்துவிடும்.